பலகையில் நின்று பார்த்த கடைமடை



சம்பா அறுவடை முடிஞ்சு நெல்லை மூட்டை கட்டியாச்சு. அறுவடைக்குப் பத்து நாள் முன்னாடி நிக்கிற பயிருக்குள்ளயே தூவின உளுந்து இப்ப ஒரு சாண் உயரம் வந்திருக்கு. ரெண்டு மாசமா எழுத நேரமே கிடைக்கலை. இந்த முறை பயிர்ச் செய்தி கம்மி. பிப்ரவரி மாசம் ஒரு சனி, ஞாயிறு எங்க தோப்புல தங்கி, பிச்சாவரம் பக்கத்து உப்பங்கழியில் பலகை மேல நின்னு துடுப்பு போட்ட 16 பெண்களைப் பத்தி எழுதறேன். அந்தப் பதினாறுல நானும் ஒருத்தி.

முதல்ல அந்தப் பலகை என்னன்னு சொல்லிடறேன். ஸ்டாண்ட் அப் பேடில் போர்டுன்னு பேரு. ஹவாய்ப் பக்கத்துல இருந்து உலகம் பூரா பரவின விளையாட்டு. காத்தடிக்கிற ரகம்தான் இங்க கொண்டு வந்தாங்க. சுருட்டி வெச்சா முதுகுல மாட்டுற ஒரு பெரிய பை. கைப் பம்பால பத்து நிமிஷம் அடிச்சா பத்தரை அடி நீளத்துக்குக் கட்டை மாதிரி விறைச்சு நிக்குது. அகலம் ரெண்டரை அடிக்குக் கொஞ்சம் கூட. ஆளைவிட உயரமா ஒரு துடுப்பு. பலகையையும் கணுக்காலையும் சேர்த்து ஒரு சுருள் கயிறு. விழுந்தாலும் பலகை உங்களை விட்டுப் போகாது. அவங்க 'போர்டு'ன்னாங்க. எங்க ஊர் வாய்ல அது அன்னைக்கே பலகையாயிடுச்சு.

என்கிட்ட வருஷா வருஷம் மாப்பிள்ளை சம்பா அரிசி வாங்குற ஒரு பொண்ணு, சென்னையில ஐடி கம்பெனியில வேலை. ஞாயித்துக்கிழமையானா முட்டுக்காடு போய் இந்தப் பலகை ஓட்டும். பொங்கல் முடிஞ்சதும் போன் பண்ணிச்சு.

"அக்கா, பெண்கள் மட்டும் 12 பேர் வர்றோம். ரெண்டு ராத்திரி உங்க தோப்புல தங்கிக்கலாமா? காலையில பேடிலிங், மத்தியானம் ஏதாவது இயற்கைப் பாதுகாப்பு வேலை. சாப்பாடு நீங்களே போட்டுடுங்க."

தங்கறதுக்கு இடம் இருக்கு, சாப்பாடும் போட்டுடலாம்னு சொன்னேன். கூடவே ஒரு நிபந்தனை வெச்சேன். எங்க ஊர்ப் பொம்பளைங்க நாலு பேரையும் பலகையில ஏத்தணும், அதுக்குக் காசு கேக்கக்கூடாது. பயிற்சி குடுக்கற ரெண்டு பொண்ணுங்களும் கொஞ்சம் யோசிச்சாங்க. நீச்சல் தெரியுமா, ஏதாவது ஆச்சுன்னா யார் பொறுப்பு, இன்சூரன்ஸ் எப்படின்னு நியாயமான கேள்விகள்தான். உயிர்காப்புச் சட்டை போட்டுக்கிட்டு, இடுப்பளவு தண்ணியில மட்டும்னு பேசி முடிச்சோம்.

எங்க பக்கத்து நாலு பேர்ல ஒருத்தி நான், 52 வயசு. இன்னொருத்தி என் கொழுந்தன் மக, சிதம்பரத்துல காலேஜ் படிக்கிறா. மூணாவது எங்க மகளிர் குழுவுல இருக்கிற மீன்காரப் பொண்ணு. நாலாவது எங்க கொல்லைக்கு வேலைக்கு வர்ற இருளர் அக்கா. அவங்க என்னைவிட எட்டு வயசு மூத்தவங்க. நான் அக்கான்னு கூப்பிட்டாலும் அவங்க என்னை "அம்மா"ன்னுதான் கூப்பிடுவாங்க. எத்தனையோ தடவை சொல்லிட்டேன், மாத்திக்க மாட்டேங்கறாங்க.

என் மாமியாருக்கு இதுல சுத்தமா விருப்பமில்லை. "பேரன் எடுக்குற வயசுல பேண்டு போட்டுக்கிட்டு தண்ணியில கூத்தா?"ன்னாங்க. புடவையோட தண்ணியில இறங்குறது ஆபத்துன்னு பயிற்சிப் பொண்ணு முன்னாடியே சொல்லியிருந்துச்சு. மகனோட பழைய முழுக்கை சட்டையும் சுடிதார் பேண்டும் போட்டுக்கிட்டேன்.

சனிக்கிழமை காலை ஆறரைக்கெல்லாம் கழிக்கரையில இருந்தோம். இங்க பத்து மணிக்கு மேல கடல்காத்து கிளம்பிடும். அப்புறம் பலகை நாம சொல்றபடி கேக்காது. காலையில தண்ணி கண்ணாடி மாதிரி கிடக்கும்.

பலகை மேல முதல்ல மண்டி போட்டு உக்காரணும். நடுவுல கைப்பிடி இருக்கிற இடம்தான் அதோட உயிர்நிலை. அதுக்கு ரெண்டு பக்கமும் ஒவ்வொரு காலா ஊனி, மெதுவா எழுந்திருக்கணும். முட்டியைக் கொஞ்சம் தளர்த்தி வெச்சுக்கணும். துடுப்போட இலை முன்பக்கமா சாஞ்சிருக்கணும். எல்லாரும் முதல்ல கரண்டி பிடிக்கிற மாதிரி தலைகீழாத்தான் பிடிச்சோம். விழும்போது பலகை மேல விழாம தள்ளி விழணும். முக்கியமானது இன்னொண்ணு. "காலைக் குனிஞ்சு பார்க்காதீங்க, தூரத்துல ஒரு மரத்தைப் பாருங்க"ன்னு அந்தப் பொண்ணு சொல்லிக்கிட்டே இருந்துச்சு.

இது எனக்குப் புதுசில்லை. தலையில நாத்துக்கட்டைச் சுமந்துக்கிட்டு சேத்து வரப்புல நடக்கறவ காலைப் பார்த்தா வாய்க்கால்லதான் விழுவா. எதிர்வரப்பைப் பார்த்து நடக்கணும். ரெண்டாவது தடவையே நான் நின்னுட்டேன். தாம்பரத்துல இருந்து வந்த ஸ்கூல் டீச்சர் ஒருத்தங்க எட்டு தடவை விழுந்து ஒன்பதாவது தடவை நின்னாங்க. நின்னதும் அவங்க போட்ட சத்தத்துல அக்கரையில இருந்த கொக்கெல்லாம் எழும்பிடுச்சு. அதுக்கப்புறம் பறவை உக்கார்ந்திருக்கிற பக்கம் சத்தம் போடக்கூடாது, கிட்டயும் போகக்கூடாதுன்னு பேசி வெச்சுக்கிட்டோம்.

நின்னு பார்த்தா கழி வேற மாதிரி இருக்கு. கரையில இருந்து பார்த்தா பச்சையா ஒரு சுவர் மட்டும் தெரியும். படகுல உக்கார்ந்து போனா மரத்தோட இடுப்பு தெரியும். பலகையில நிக்கும்போது மோட்டார் சத்தம் இல்லாததால மடவை மீன் துள்ளுறது கேக்குது. தண்ணி எந்தப் பக்கம் ஓடுதுன்னு உள்ளங்காலே சொல்லுது. எங்க பக்கம் கடல் ஏத்த இறக்கம் ஒரு மீட்டருக்குள்ளதான். ஆனா அந்தச் சின்ன ஏத்த இறக்கத்துலதான் இந்தக் காடே மூச்சு விடுது. அதைப் பின்னாடி சொல்றேன்.

மீன்காரப் பொண்ணு விஷயத்துக்கு வர்றேன். 2004 டிசம்பர் 26 அன்னைக்கு அவளுக்குப் பதினேழு வயசு. அவங்க அம்மா கரையில மீனுக்காகக் காத்துக்கிட்டிருந்தவங்க, திரும்பலை. கடலூர் மாவட்டத்துல சுனாமியில செத்தவங்கள்ல ஆம்பளைங்களைவிடப் பொம்பளைங்கதான் ரொம்ப அதிகம். பல ஆம்பளைங்க படகுல நடுக்கடல்ல இருந்தாங்க, அலை அவங்களுக்கு அடியில ஓடிடுச்சு. பொம்பளைங்க கரையில இருந்தாங்க. புள்ளைங்களைத் தூக்கிக்கிட்டு ஓடினாங்க. நீச்சல் தெரியாது, மரம் ஏறத் தெரியாது, கட்டியிருந்தது புடவை. கடலை நம்பிப் பிழைக்கிற ஊர்லயே பொம்பளைக்குக் கடல்ல இறங்கி நீந்தத் தெரியாதுங்கறது, வெளியில இருக்கறவங்களுக்கு ஆச்சரியமா இருக்கலாம். எங்களுக்கு அது பழக்கம். வயல்ல நாங்க நாள் முழுக்க தண்ணிக்குள்ளதான் நிக்கிறோம். ஆனா முழங்காலுக்கு மேல தண்ணி ஏறினா நாங்களும் பயந்தவங்கதான்.

அவ இருபது வருஷமா கழியில கணுக்காலுக்கு மேல இறங்கினதில்லை. பலகை ஏற வர்றேன்னு அவ ஒத்துக்கிட்டதே எனக்கு ஆச்சரியம். மண்டி போட்டு உக்கார்ந்தவ அரை மணி நேரம் அப்படியே உக்கார்ந்திருந்தா. பயிற்சிப் பொண்ணு அவசரப்படுத்தலை, பக்கத்துலயே இடுப்பளவு தண்ணியில நின்னுச்சு. அப்புறம் ஒரு சின்ன அலைக்குப் பலகை சாஞ்சு, அவ விழுந்துட்டா.

எங்க நாலு பேருக்கும் நெஞ்சு அடைச்சுப் போச்சு. அவ உள்ள போயி அடுத்த நொடியே மேல வந்துட்டா. சட்டை தூக்கிடுச்சு. வானத்தைப் பார்த்து மிதந்துக்கிட்டிருந்தா. அழலை, சிரிக்கலை. கொஞ்ச நேரம் அப்படியே கிடந்துட்டு, பயிற்சிப் பொண்ணைப் பார்த்து ஒண்ணே ஒண்ணு கேட்டா.

"பாப்பா, இந்தச் சட்டை என்ன வெலை?"

வெலையைச் சொன்னாங்க. அவ திரும்பிக் கரையைப் பார்த்துக்கிட்டா. அதுக்கப்புறம் அவ பலகையில நிக்கலை, நிக்கணும்னு யாரும் சொல்லவும் இல்லை. அன்னைக்கு முழுக்க கரையோரம் மிதந்து மிதந்து பழகினா.

இருளர் அக்கா கதை வேற. தண்ணி அவங்க வீட்டுத் திண்ணை மாதிரி. இங்க இருளர் பெண்கள் கழியில கழுத்தளவு தண்ணியில உக்கார்ந்து, சேத்தைக் கையால தடவித் தடவி இறால் பிடிப்பாங்க. பனையோலையில முடைஞ்ச பறியை வாயில கடிச்சுப் பிடிச்சிருப்பாங்க, பிடிச்ச இறால் அதுல போகும். வலை கிடையாது, படகு கிடையாது. அக்காவோட முன்பல் தேஞ்சு போனது இந்தப் பறியைக் கடிச்சுக் கடிச்சுத்தான்.

பலகையில ஏறச் சொன்னா மாட்டேன்னுட்டாங்க. "மேல நின்னா கீழ இருக்கறது எப்படிம்மா தெரியும்?"னு கேட்டாங்க. அதுக்குப் பதிலா சென்னைப் பொண்ணுங்க நாலு பேரைத் தண்ணியில உக்கார வெச்சு, சேத்துக்குள்ள கையை எப்படி விடணும், இறால் உரசினா எப்படித் தெரியும், கெளுத்தி முள்ளு எங்க குத்தும்னு சொல்லிக் குடுத்தாங்க. ஒரு மணி நேரத்துல அவங்களுக்கு அரைக் கிலோ கிடைச்சது. மத்த நாலு பேருக்கும் சேர்த்து ரெண்டு இறால். ஐடி பொண்ணு அந்த ரெண்டையும் போட்டோ எடுத்துட்டு திரும்பத் தண்ணியிலயே விட்டுடுச்சு. அக்காவுக்கு அது பிடிக்கலை. "பிடிச்சதை விடறதுக்கா இம்மாம் நேரம் உக்கார்ந்தே?"

மத்தியானம் எங்க வீட்டுச் சாப்பாடு. மாப்பிள்ளை சம்பா சோறு, கொடுவா மீன் குழம்பு, இறால் தொக்கு, உமரிக்கீரைக் கூட்டு. உமரி இங்க உப்பு மண்ணுல தானா முளைக்கிற கீரை, அதுக்கு உப்பே போட வேண்டாம். பலகை ஓட்டினவங்க பசியோட சாப்பிட்டதைப் பார்த்து என் மாமியாரே ரெண்டாவது தடவை குழம்பு ஊத்த வந்தாங்க.

சாயங்காலம் பாதுகாப்பு வேலை. பலகை மேல முன்பக்கம் ஒரு பிளாஸ்டிக் கூடையைக் கட்டிக்கிட்டு, கழியோரக் குப்பையைப் பொறுக்கறதுதான் அவங்க திட்டம். இதுக்குப் பலகை நல்ல சாதனம். படகு நுழையாத இடத்துல நுழையும், மரத்து வேர்கிட்ட ஒட்டி நிக்கும். வெண்கண்டல் மரத்தைச் சுத்தி சேத்துல இருந்து பென்சில் நட்டு வெச்ச மாதிரி வேர்கள் நீட்டிக்கிட்டிருக்கும். மண்ணுக்குள்ள காத்து கிடையாதுங்கறதால அந்த வேர் வழியாத்தான் மரம் மூச்சு வாங்குது. அதுமேல கேரி பேக் சுத்திக்கிட்டா மூக்கைப் பொத்தின மாதிரி. வேர்ல ஒட்டியிருக்கிற சிப்பி காலைக் கிழிக்கும், செருப்பு இல்லாம இறங்கக்கூடாது.

இருட்டுறதுக்குள்ள 11 சாக்கு நிறைஞ்சது. தண்ணி பாட்டில், தெர்மாகோல், அறுந்த நைலான் வலை, குழந்தைங்க டயாபர். எல்லாம் எதிர்பார்த்ததுதான். எனக்கு உறுத்தினது வேற. 43 பூச்சிமருந்து பாட்டில். நான் தனியா எடுத்து எண்ணி வெச்சேன். சுற்றுலா வந்தவங்க யாரும் பூச்சிமருந்து கொண்டு வர மாட்டாங்க. அது வாய்க்கால் வழியா எங்க வயக்காட்டுல இருந்து வந்தது. நான் மருந்தடிக்கறதை விட்டு ஒன்பது வருஷம் ஆச்சு. ஆனா என் வயல் வடிகாலும் பக்கத்து வயல் வடிகாலும் ஒண்ணுதான். அது போய்ச் சேர்ற இடத்தைத்தான் அன்னைக்குக் காலையில பலகையில நின்னு பார்த்தேன்.

கடைமடைன்னா என்னன்னு நகரத்து வாசகர்களுக்காகச் சொல்றேன். ஆத்துத் தண்ணி வாய்க்கால் வாய்க்காலாப் பிரிஞ்சு வந்து, கடைசியில யார் வயலுக்குப் பாயுதோ அவங்க கடைமடை. மேல இருக்கறவங்க எடுத்துக்கிட்டது போக மிச்சம்தான் எங்களுக்கு. மேட்டூர் ஜூன் 12-ல திறந்தாலும் எங்க வாய்க்கால் நனையறதுக்கு நாள் கணக்காகும். சில வருஷம் நனையவே நனையாது. தண்ணி கேட்டு சாலை மறியல்ல உக்கார்ந்தவ நான். காவிரியோட கடைசி ஆள் நாங்கதான்னு நாங்க எப்பவும் சொல்லிக்கிட்டிருப்போம்.

எங்களுக்குக் கீழயும் ஒரு கடைமடை இருக்கு. அதை ஞாயித்துக்கிழமை காட்டுக்குள்ள பார்த்தோம்.

பலகைக்கு எங்களுக்கு அனுமதி கிடைச்சது வெளிக் கழிக்கு மட்டும்தான். காட்டுக்குள்ள துடுப்புப் படகுலதான் போனோம். வனத்துறையில காவலரா இருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் கூட வந்தாரு. உள்ள போற வாய்க்கால் ரெண்டு பக்கமும் சுரபுன்னை. கிளையில இருந்து வேர் இறங்கி தண்ணியில ஊனி நிக்கும். அதோட விதை மரத்துலயே முளைச்சு, முருங்கைக்காய் மாதிரி தொங்கும். பெரியவர் வெண்கண்டல் இலை ஒண்ணைப் பறிச்சுக் குடுத்து நாக்குல வெச்சுப் பார்க்கச் சொன்னாரு. உப்புக் கரிச்சது. வேர்ல ஏர்ற உப்பை அந்த மரம் இலை வழியா வெளியே தள்ளுது. ஒரு மரத்தைக் காட்டி, அதைத் தொட வேண்டாம்னாரு. தில்லை மரம். பால் கண்ணுல பட்டா ஆபத்து. சிதம்பரத்துக்குத் தில்லைன்னு பேர் வந்தது இந்த மரத்தாலதான், கோயிலோட தல மரமும் இதுதான். சிதம்பரம் ஊருக்குள்ள தில்லைக் காடு இப்ப கிடையாது. பார்க்கணும்னா பிச்சாவரம்தான் வரணும்.

டீச்சரம்மா கேட்டாங்க: "ஐயா, நாங்க எத்தனை செடி நடலாம்?"

பெரியவர் சிரிச்சாரு. "செடி இருக்கட்டும்மா. மண்வெட்டி பிடிப்பீங்களா?"

அப்புறம் அவர் காட்டின இடம் எனக்கு இன்னும் கண்ணுல நிக்குது. காட்டுக்கு நடுவுல, மேல இருந்து பார்த்தா மீன் முள்ளு மாதிரி இருக்குமாம். நடுவுல ஒரு பெரிய வாய்க்கால், ரெண்டு பக்கமும் சாய்வா சின்னச் சின்ன வாய்க்கால்கள். வெள்ளைக்காரன் காலத்துல இருந்து 1970-கள் வரைக்கும் இந்தக் காட்டைக் கூறு போட்டு, ஒவ்வொரு கூறையும் மொத்தமா வெட்டினாங்க. மரம் போனதும் வெயில் நேரா மண்ணுல பட்டு, ஈரம் வத்தி, தரை உள்வாங்கி நடுவுல தொட்டி மாதிரி பள்ளமாயிடுச்சு. ஏத்தத்துல உள்ள வந்த கடல்தண்ணி திரும்ப வடிய வழியில்லாம நின்னுச்சு. நின்ன தண்ணி ஆவியாகி, உப்பு மட்டும் தங்கிச்சு. வருஷா வருஷம் உப்பு ஏறி, கண்டல் விதைகூட முளைக்க முடியாத பொட்டல் ஆயிடுச்சு. காடு அழிஞ்சதுக்கு ரொம்ப நாள் மாடு மேயறதையும் விறகு வெட்டுற ஊர் ஜனங்களையும்தான் காரணமா சொன்னாங்க. 1990-கள்ல எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர் மக்களோட சேர்ந்து இந்த மீன்முள் வாய்க்கால்களை வெட்டினாங்க. தண்ணி உள்ள வந்து வெளிய போக ஆரம்பிச்சதும் உப்பு கழுவிக்கிட்டுப் போச்சு. வாய்க்கால் ஓரம் நட்ட கண்டல் பிடிச்சுக்கிச்சு. இப்ப அங்க ஆள் உயரத்துக்கு மேல காடு.

படகுல இருந்தவங்களுக்கு இது புதுச் செய்தி. எனக்கு இது என் வயல். வடிகால் இல்லாத நிலத்துல தண்ணி நின்னா உப்பு பூத்துக் களர் ஆயிடும். அதை எத்தனை மூட்டை உரம் போட்டும் சரி பண்ண முடியாது. முதல்ல வடிகால் வெட்டணும், நல்ல தண்ணி விட்டு உப்பைக் கழுவணும், அப்புறம்தான் விதை. பாட்டன் காலத்துல இருந்து நாங்க செய்யறது. காட்டுக்கும் அதே வைத்தியம்தான்னு தெரிஞ்சப்ப ஒரு சொந்தக்காரங்களைப் பார்த்த மாதிரி இருந்துச்சு.

வாய்க்கால் வெட்டினா மட்டும் போதாது. ரெண்டு மூணு வருஷத்துல வண்டல் வந்து தூர்ந்துடும், திரும்பத் திரும்ப வாரணும். செடி நட்டா போட்டோ கிடைக்கும், தூர் வாருறதுக்குப் போட்டோ வராதுன்னு பெரியவர் சொன்னாரு. எங்க பெண்கள் அன்னைக்கு ரெண்டு மணி நேரம் சேறு வாரினாங்க. அனுமதியோட, அவர் காட்டின ஒரு சின்னக் கிளை வாய்க்கால்ல, ஒரு பத்து மீட்டர் இருக்கும். மாசத்துக்கு ஒரு தடவை நகம் அழகு பண்ணிக்கிற கைகள் அதுல ரெண்டு இருந்துச்சு. அந்தக் கைகளும் முழங்கை வரைக்கும் கறுத்துப் போச்சு.

இதுல இன்னொரு கணக்கு இருக்கு. கடல்தண்ணி வந்து போறது ஒரு பாதி. மேல இருந்து ஆத்துத் தண்ணி வர்றது மறுபாதி. வடக்கே வெள்ளாறு, தெற்கே கொள்ளிடம், ரெண்டுக்கும் நடுவுலதான் பிச்சாவரம். மழைக்காலம் போனா நன்னீர் வரத்து ஏறக்குறைய நின்னுடும். இருளர் அக்கா இதை ஒரே வரியில சொல்லிட்டாங்க. "வெள்ளம் வந்த வருசம் இறால் கனமா இருக்கும்மா. வெள்ளம் வராட்டி நாள் பூரா தடவினாலும் பறி நிறையாது." இறால் குஞ்சு வளர்றது உப்பும் நன்னீரும் கலந்த தண்ணியிலதான். நன்னீர் குறைஞ்சா அக்காவோட பறியில தெரிஞ்சுடும்.

டிவியில ஒவ்வொரு ஐப்பசி, கார்த்திகையிலயும் ஒரு செய்தி வரும். கொள்ளிடத்துல இத்தனை ஆயிரம் கனஅடி தண்ணி வீணா கடல்ல கலக்குதுன்னு. நானும் தண்ணிக்கு அடிச்சுக்கிற கடைமடைக்காரிதான். வெள்ளத்தைப் பிடிச்சு வெக்க ஏரி, குளம் தூர் வாரணும்னு நானும் கேக்கறேன். ஆனா கடலுக்குப் போறது அத்தனையும் வீண்ங்கற வார்த்தையை இனி நான் சொல்ல மாட்டேன். அது அந்தக் காட்டோட பங்கு. அக்காவோட பங்கு. 2004-ல அலை வந்தப்ப மணல்திட்டுல கடலைப் பார்த்து இருந்த குப்பங்கள் போச்சு. இந்த மரங்களுக்குப் பின்னால இருந்த ஊர்கள் குறைஞ்ச சேதத்தோட தப்பிச்சுது. அந்த மரம் குடிச்சதும் இந்த 'வீண்' தண்ணிதான்.

ஞாயித்துக்கிழமை மத்தியானம் தோப்புல உக்கார்ந்து இதைப் பேசிக்கிட்டிருந்தப்ப டீச்சரம்மா ஒரு கேள்வி கேட்டாங்க. "எங்க வீட்டுக்கு வர்ற தண்ணி எங்க இருந்துக்கா வருது?"

வீராணத்துலேர்ந்து ஒரு பங்கு வருது. கீழணையில தேக்கின கொள்ளிடத்துத் தண்ணி வடவாறு வழியா வீராணம் ஏரிக்கு வரும். சோழர் காலத்து ஏரி. 44,000 ஏக்கருக்கு மேல அதை நம்பி இருக்கு. 2004-ல இருந்து 200 கிலோமீட்டருக்கு மேல குழாய் போட்டு சென்னைக்கும் குடிநீர் போகுது. நாளைக்கு 18 கோடி லிட்டர் எடுக்கற திட்டம். வருஷம் பூரா அந்த அளவு எடுத்தா ஏறக்குறைய 2.3 டி.எம்.சி. ஏரியோட மொத்தக் கொள்ளளவு 1.465 டி.எம்.சி.தான். தண்ணி வந்துக்கிட்டே இருக்கறதால கட்டுப்படியாகுது. குடிக்காதீங்கன்னு நான் சொல்லலை. குடிக்கிற தண்ணிக்கு அணை போட்டா பாவம். சென்னையில குழாயைத் திறக்கறவங்க, காட்டுமன்னார்கோயில்ல மடையைத் திறக்கறவங்க, கழியில பறியோட உக்கார்றவங்க எல்லாரும் ஒரே வாய்க்காலோட பங்காளிங்கன்னு தெரிஞ்சு குடிங்கன்னுதான் சொன்னேன். டீச்சரம்மா அதுக்கப்புறம் கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

இந்த ரெண்டு நாளால என்ன மாறிடும்னு சில பேர் கேக்கலாம். பத்து மீட்டர் வாய்க்கால், 11 சாக்கு குப்பை. அதனால காடு பிழைச்சிடுச்சுன்னு நான் சொல்ல மாட்டேன். நடந்ததை மட்டும் சொல்றேன்.

அந்த 43 பாட்டிலையும் ஒரு சாக்குல கட்டி எங்க ஊர் விவசாயிகள் கூட்டத்துக்கு எடுத்துக்கிட்டுப் போனேன். மேஜை மேல வரிசையா அடுக்கி வெச்சேன். ரெண்டு பேர் கோவிச்சுக்கிட்டு எழுந்து போனாங்க. மத்தவங்க பேசினதுல, காலி பாட்டிலை வாய்க்கால்ல வீசாம போடறதுக்குப் பம்ப்செட் கொட்டகையில ஒரு டிரம் வைக்கறதுன்னு முடிவாச்சு. டிரம் வெச்சாச்சு. நேத்து எட்டிப் பார்த்தேன், ஆறு பாட்டில் இருக்கு.

சென்னைப் பொண்ணுங்க கிளம்பும்போது ரெண்டு உயிர்காப்புச் சட்டையை மீன்காரப் பொண்ணுகிட்டயே குடுத்துட்டுப் போனாங்க. அவ அதை வீட்டுல மாட்டி வைக்கலை. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் குப்பத்துப் புள்ளைங்க நாலஞ்சு பேரைக் கூட்டிக்கிட்டு வந்து, ஒவ்வொருத்தியா மாட்டி விட்டு, இடுப்பளவு தண்ணியில மிதக்கப் பழக்கறா. ரெண்டு சட்டை பத்தலைன்னு குழு பணத்துல இன்னும் மூணு வாங்கலாமான்னு கேட்டிருக்கா. அடுத்த கூட்டத்துல வெக்கணும். என் கொழுந்தன் மக பயிற்சியாளர் சான்றிதழுக்குப் படிக்கப் போறேன்னு நிக்கிறா. என் மாமியார் இதுக்கு இன்னும் பதில் சொல்லலை.

இதைப் படிச்சுட்டு வரணும்னு நினைக்கறவங்களுக்கு ரெண்டு வார்த்தை. பலகையோட வந்தா வனத்துறைகிட்ட கேட்டுட்டு, சொன்ன எல்லைக்குள்ள மட்டும் ஓட்டுங்க. காலையில சீக்கிரம் இறங்கி, காத்து கிளம்பறதுக்குள்ள ஏறிடுங்க. நீச்சல் தெரிஞ்சாலும் சட்டை போடுங்க. செடி நடணும்னு அடம் பிடிக்காதீங்க, எங்க தூர்ந்திருக்குன்னு கேளுங்க. உள்ளூர்ப் பொம்பளைங்க ரெண்டு பேரையாவது கூடச் சேர்த்துக்குங்க, வேடிக்கை பார்க்க இல்லை, தண்ணியில இறங்க. இறால் பிடிக்கக் கத்துக் குடுத்தவங்களுக்குக் கூலி குடுங்க. அந்த நாளுக்கான வருமானத்தை விட்டுட்டுத்தான் அவங்க உங்க கூட உக்கார்றாங்க. அக்காவுக்கு நான் ரெண்டு நாள் கூலி போட்டுக் குடுத்தேன். பிடிச்ச அரைக் கிலோ இறாலுக்குத் தனியா காசு வாங்கிக்கிட்டாங்க.

உளுந்து பூ வைக்க ஆரம்பிச்சிருக்கு. காலையில பனி நல்லா இறங்குது, பூச்சி வர்றதுக்குள்ள வேப்பங்கொட்டைக் கரைசல் ஒரு தடவை அடிச்சுடணும். கொட்டை இடிச்சு ஊற வெச்சிருக்கேன். பிறகு எழுதறேன்.